கண் ஊசியில், காது கதையில்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் செட்டியார்பட்டியில் பகல் நேரத் தெருவுக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடி நிற்கும். அது நிற்கும் முன்பே எதிர்வீட்டில் ஒன்று கிளம்பும். தளவாய்புரம், முகவூர், எங்கள் ஊர் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பவை. மூன்றுமே நைட்டிக்குப் பேர்போனவை. தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடையில் நைட்டி எடுத்தாலும் அதன் கழுத்துப் பட்டியை எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அடித்திருக்க வாய்ப்பு உண்டு. பீஸ் கணக்குக் கூலி. ஒரு நாளைக்கு எத்தனை முடிகிறதோ அத்தனைக்குத்தான் காசு.

மெஷின் சத்தத்துக்கு நடுவே எப்போதும் இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தொலைக்காட்சித் தொடர். எங்கள் மதினி வீட்டு முன்கட்டில் நாலு மெஷின் கிடக்கிறது. மூலையில் டிவி. நான் போகும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சும்மா ஓடுகிறதே என்று நினைத்து ஒரு நாள் அணைக்கப் போனேன். நாலு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. "ஏன் நிப்பாட்டுத? கதை ஓடுதுல்ல?" என்றார் மதினி.

கண்ணை எடுத்தால் ஊசி விரலில் ஏறிவிடும். அதனால் அவர்கள் தொடரைக் காதால் கேட்கிறார்கள். கதவு திறக்கும் ஓசையிலிருந்து வருவது மாமியாரா மருமகளா என்று சொல்லிவிடுவார்கள். அழுகையில் நிஜம் எது, நடிப்பு எது என்று குரலை வைத்தே தீர்ப்புச் சொல்வார்கள். போன வருடம் ஒரு நாள், பாபின் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் கொரியத் தொடர் ஒன்று தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதாநாயகி பார்க்க எப்படி இருப்பாள் என்று மதினியிடம் கேட்டேன். "நான் எங்க பாத்தேன்? குரலக் கேட்டா ஒல்லியா, சிவப்பா, நெத்தி அகலமா இருப்பான்னு தோணுது" என்றார். அவருக்குள் ஒரு முகம் உருவாகியிருந்தது. திரையில் இருந்த முகத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. வெகுஜனக் கதை, தொடர்கதை, அது சின்னத்திரைக்குப் போவது என்று நாம் எழுதியும் பேசியும் வரும் விவாதங்களில் இந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கதையைப் படிப்பவர், பார்ப்பவர் என்று இரண்டே வகை வைத்திருக்கிறோம். வேலை செய்துகொண்டே கேட்பவர் என்று ஒரு வகை நம் கணக்கிலேயே இல்லை. இந்த நிலத்தில் அந்த வகைதான் மூத்தது. திருப்பாவை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கம்தான். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியாகக் காதில் விழுந்தே திருப்பாவையை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அச்சில் அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் அம்மாவும் அப்படிக் கேட்கவைத்தவள்தான். நைட்டிக்கு முன்னால் எங்கள் தெருவில் தறி இருந்தது. மதியத்தில் பெண்கள் கூடித் தார் சுற்றுவார்கள். ராட்டையைச் சுற்றும் கைக்குக் கண் துணை வேண்டும். காது சும்மா இருக்கும். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். தூணில் சாய்ந்து உட்கார்ந்து பைண்டு புத்தகம் ஒன்றை வாசிப்பாள். கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர்கதையை அவள் பிறந்த வீட்டில் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கல்யாணத்தின்போது பாத்திரங்களோடு அதுவும் வந்தது. ஒரு பக்கம் கதை; மறுபக்கம் ஹார்லிக்ஸ் விளம்பரமோ சமையல் குறிப்போ இருக்கும். அந்தக் கதை 'குறிஞ்சி மலர்'. எழுதியவர் பெயர் மணிவண்ணன் என்று போட்டிருக்கும்.

மணிவண்ணன் என்பது நா. பார்த்தசாரதியின் புனைபெயர்களில் ஒன்று. 1932 டிசம்பர் 18 அன்று நதிக்குடி என்ற சிற்றூரில் பிறந்தவர். நதிக்குடி ராஜபாளையத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். எங்கள் ஊரில் நின்றால் மேற்கே மலை தெரியும்; கிழக்கே திரும்பினால் அவர் ஊர் இருக்கும் திசை. அந்த மதியங்களில் அவர் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும், ஏன், வாசித்த அம்மாவுக்கும் அது நம்ம பக்கத்து ஆள் எழுதியது என்று தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் என் அண்ணன் மகள் சொன்ன ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அவள் கல்லூரியில் படிக்கிறாள். கொரியத் தொடர்கள் என்றால் உயிர். அவள் சொன்னது இது: கொரியாவில் ஜோசோன் அரசர்கள் காலத்தில் ஓர் அறிஞரின் மகள். தகப்பன் இறந்துவிட்டான். தம்பி நோயாளி, வீட்டில் கடன். அந்தப் பெண் ஆண் வேடம் போட்டு, புத்தகக் கடைக்கு ஏடு பிரதியெடுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். கடைசியில் பெண்கள் நுழையவே கூடாத சுங்க்யுன்க்வான் கல்விச்சாலைக்குள் தம்பியின் பெயரில் மாணவனாகப் போய்விடுகிறாள். 2010இல் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. மூலம் ஒரு நாவல். எழுதியவர் பெயர் ஜங் உன்க்வோல். அவருடைய இன்னொரு நாவல் 'சூரியனை அணைத்த நிலவு' என்ற பொருள்படும் தலைப்பில் 2012இல் எம்.பி.சி.யில் தொடராகி, அந்த நாட்டில் டிவி இருந்த வீடுகளில் பத்துக்கு நாலைத் தன் பக்கம் இழுத்தது. மூன்றாவதாக ஒன்று 2021இல் வந்தது.

இத்தனைக்கும் ஜங் உன்க்வோல் என்பது புனைபெயர். அவர் புகைப்படம் தருவதில்லை, பேட்டி கொடுப்பதில்லை, மேடை ஏறுவதில்லை. அவர் படைத்த பெண்ணின் முகம் கடல் கடந்து செட்டியார்பட்டிப் போன் வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகம் அவர் ஊரிலேயே தெரியாது.

அண்ணன் மகள் இதைச் சொல்லி முடித்தபோது எனக்குக் 'குறிஞ்சி மலர்' நாயகி பூரணி ஞாபகம் வந்தாள். அவளும் ஓர் அறிஞரின் மகள். மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அழகிய சிற்றம்பலம் நேர்மையையும் புத்தகங்களையும் வைத்துவிட்டு இறந்துபோகிறார். திருப்பரங்குன்றத்து வீட்டில் திருநாவுக்கரசு, சம்பந்தன், மங்கையர்க்கரசி என்று மூன்று தம்பி தங்கைகளைச் சுமக்க வேண்டியவள் பூரணி. அவளிடம் இருக்கும் முதல், தகப்பன் தந்த தமிழ் மட்டும். அந்தத் தமிழைக் கொண்டே அவள் பிழைக்கிறாள், மேடையேறிப் பேசுகிறாள், மற்றவர்களுக்கு நிழலாகிறாள். அவளை நேசிக்கும் அரவிந்தன் ஒரு அச்சகத்தில் வேலை பார்ப்பவன், கவிதை எழுதுபவன். கொரியப் பெண்ணின் கதை கல்யாணத்தில் முடிகிறது என்று அண்ணன் மகள் சொன்னாள். பூரணியின் கதையில் அரவிந்தன் இறந்துபோகிறான். தாலி ஏறாமலே அவள் அவனுக்காக வெள்ளைச் சேலை உடுத்துகிறாள்.

கற்ற தகப்பனுடைய கல்வியை மகள் எடுத்துக்கொண்டு பிழைக்கும் கதைக்கு இரண்டு நாட்டிலும் பெண்கள் ஏன் இப்படி மயங்கினார்கள்? ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அம்மாவிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும். பூரணி மேடையில் பேசும் இடம் வந்தால் அவள் குரல் மாறும். தார் சுற்றும் பெண்களுக்கு முன்னால், தூணில் சாய்ந்துகொண்டு, வாழ்நாளில் ஒரு மேடையும் ஏறாத என் அம்மா அந்தப் பேச்சை முழுக்கப் பேசுவாள். கேட்பவர்கள் ராட்டையை நிறுத்த மாட்டார்கள். வேகம் மட்டும் கொஞ்சம் குறையும்.

நா.பா.வின் வாக்கியம் வாசித்துக் காட்டவே எழுதியதுபோல் இருக்கும். மதுரையில் தமிழாசிரியராக இருந்தவர், மேடைத் தமிழின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர். நீண்ட வாக்கியத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஒரு சிறிய வாக்கியத்தில் இறக்குவார். கதைக்கு நடுவே பழம்பாடல் அடிகள் வந்துகொண்டே இருக்கும். எது அவர் எழுதியது, எது பழையது என்று அம்மாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாம் அவளுக்கு மணிவண்ணன்தான். தமிழின் பெரிய செல்வத்தில் ஒரு கைப்பிடி, தார் சுற்றும் திண்ணைக்கு இந்த வழியாக வந்து சேர்ந்தது. வேறு எந்த வழியும் அந்தத் திண்ணைக்குத் திறந்திருக்கவில்லை.

தொடர்கதை வந்துகொண்டிருந்த காலத்திலும் பிறகும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தார்கள். நா.பா.வே அரவிந்தன் என்பதைத் தன் புனைபெயர்களில் ஒன்றாக வைத்துக்கொண்டவர். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நடிகரின் முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. வைத்த ஒவ்வொருவர் மனதிலும் ஒரு தனி முகம் இருந்திருக்கும்.

பிறகு 'குறிஞ்சி மலர்' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. பின்னாளில் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். எங்கள் பக்கத்துக்குத் தூர்தர்ஷன் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வழியாகத்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் படம் புள்ளிபுள்ளியாக வரும். மொட்டைமாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் 'வந்துருச்சு, வந்துருச்சு' என்று கத்த வேண்டும். கதையில் கொடைக்கானலும் வருகிறது, குறிஞ்சி பூப்பதும் அந்த மலையில். அங்கிருந்தே பூரணி எங்கள் தெருவுக்குத் திரும்பி வருகிறாள் என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாள். நடிகர்களைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பாட்டு எங்க?" பூரணியின் முகத்தைப் பற்றி அரவிந்தன் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் கவிதையைத்தான் சொன்னாள். நாவலைப் படித்தவர்கள் எல்லாருக்கும் அது நினைவிருக்கும். அன்று பார்த்த பகுதியில் அது வராமல் போயிருக்கலாம். வேறொரு வாரம் வந்திருக்கவும் கூடும். அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. பூரணியின் முகம் அவளுக்கு அந்தக் கவிதைக்குள்தான் இருந்தது. இப்போது முகம் திரையில் வந்துவிட்டதால் கவிதைக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது என்று, தன் வார்த்தைகளில், அவள் எனக்குப் புரியவைத்தாள்.

படமாக்குவதால் நடக்கும் கொடுக்கல் வாங்கலை அவளை விடத் தெளிவாகச் சொன்னவரை நான் படித்ததில்லை. திரைக்குப் போகும்போது கதை போகிறது, ஆட்கள் போகிறார்கள், கண்ணீர் போகிறது. வாக்கியம் மட்டும் போக முடிவதில்லை. சில எழுத்தாளர்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'ரகசியமாக ஒரு ரகசியம்' 1990களில் நாகாவின் இயக்கத்தில் 'மர்மதேசம்' ஆனது; 'விட்டுவிடு கருப்பா' 'விடாது கருப்பு' ஆனது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தவை. வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி ஏறும் ஜனங்கள் சித்தர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சும், எல்லைக் கருப்பன் மேல் எங்கள் ஊர்களுக்கு இருக்கும் பயமும் அவர் கதைகளின் விளைநிலம். அங்கே பயமும் அதன் பின்னால் உள்ள முடிச்சும்தான் உயிர். 'விடாது கருப்பு' தொடரில் வெள்ளைக் குதிரையின் குளம்பொலி கேட்டபோது அந்தக் கதை முழுசாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. 2024 நவம்பர் 10 அன்று அவர் இறந்தபோது எங்கள் தெருவில் துக்கம் பேசியவர்களில் பலர் அவருடைய ஒரு பக்கத்தையும் படித்தவர்கள் இல்லை. அந்தத் துக்கம் உண்மையானது.

நா.பா.வின் கதை அப்படி அல்ல. அவருக்குச் சம்பவம் சிறிது, சொல்வது பெரிது. பூரணிக்கு நடந்ததை நாலு வரியில் நான் மேலே சொல்லிவிட்டேன். அந்த நாலு வரியைச் சுற்றி அவர் பின்னிய தமிழ்தான் நாவல். அதனால் அவர் திரைக்குப் போனபோது எல்லாரையும் விட அதிகம் இழந்தார்.

நம்முடைய சிற்றிதழ் உலகமும் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்று எனக்குப் படுகிறது. அவர் மாந்தர் அளவுக்கு மீறி நல்லவர்கள், அவர் எழுத்து உபதேசம் என்று ஒதுக்கினோம். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பூரணிக்குப் பசிக்கும்போதுகூடக் கோபம் வருவதில்லை. நிஜத்தில் அப்படி ஒரு பெண்ணை நான் கண்டதில்லை. தாலி கட்டாதவனுக்காக வெள்ளைச் சேலை உடுத்தும் முடிவு என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அம்மாவுக்கு அது கோபுரமாகத் தெரிந்தது. அவள் வாசித்ததைக் கேட்ட பெண்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் மேல் சுமத்திக்கொண்டார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

ஆனாலும் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கல்கியில் புகழ்பெற்ற அதே கை 1965 ஏப்ரலில் 'தீபம்' என்ற மாத இதழைத் தொடங்கியது. 1987 டிசம்பர் 13 அன்று, ஐம்பத்தைந்து வயது நிறைவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது மறையும் வரை அவர் அதை விடவில்லை. வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' தொடராக வந்தது தீபத்தில்தான். பிறகு அது சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. வண்ணதாசனின் ஆரம்பக் கதைகள் பலவற்றுக்கும் தீபம் இடம் கொடுத்தது. நா.பா.வுக்கே 'சமுதாய வீதி' நாவலுக்காக 1971இல் அந்தப் பரிசு கிடைத்தது. தொடர்கதை வாசகிகள் தந்த பெயரை வைத்துக்கொண்டு அவர் ஒரு இலக்கியப் பத்திரிகை நடத்தினார். தார் சுற்றிய திண்ணைக்கும் புதுக்கவிதை வரலாற்றுக்கும் நடுவே அந்த ஒரு மனிதர் பாலமாக நின்றிருக்கிறார். இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தை இளக்காரம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

இதையெல்லாம் மதினி வீட்டு முன்கட்டில் சொல்ல முடியாது. வேறு ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. அம்மாவின் பைண்டு புத்தகம் பரணில் இருந்தது. அட்டை போய்விட்டது, நூல் தளர்ந்துவிட்டது; நடுவில் சில இதழ்களைக் கரையான் தின்றிருந்தது. அந்த இடங்களுக்கு மட்டும் புதிய பதிப்பு ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மின்தடை. டிவி இல்லை; நாலில் இரண்டு மெஷின் மோட்டாரில் ஓடுவது, அவை நின்றுவிட்டன. மற்ற இரண்டும் காலால் மிதிப்பது. "மதினி, நான் ஒரு கதை வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

முதல் அரை மணி நேரம் என் குரல் எனக்கே சகிக்கவில்லை. நீளமான வாக்கியங்களில் மூச்சு நின்றது. அம்மா எங்கே இழுப்பாள், எங்கே விடுவாள் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு மறுபடியும் பிடித்தேன். மிதிக்கும் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டே இருந்தன. மோட்டார்க்காரிகள் இரண்டு பேரும் பிசிறு நூல் வெட்டிக்கொண்டு கேட்டார்கள். சில சொற்களுக்கு அர்த்தம் கேட்டார்கள். பல சொற்களுக்குக் கேட்கவே இல்லை. கதையின் போக்கில் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். மின்சாரம் வந்தது. டிவியைப் போட எழுந்தவளை மதினி கையமர்த்தினார்.

அப்படியே வெள்ளிக்கிழமைதோறும் வாசிப்பு தொடர்ந்தது. அரவிந்தனுக்கு உற்ற தோழன் ஒருவன் கதையில் உண்டு, முருகானந்தம். அவன் தையல்காரன். சிறு வயதில் கேட்டபோது இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த இடம் வந்த அன்று மெஷின்கள் மெதுவாயின. ஒரு பெண் தலை நிமிராமலே கேட்டாள்: "அவனுக்குப் பீஸ் கணக்கா, மாசச் சம்பளமா?" சொந்தக் கடை வைத்திருக்கிறான் என்றேன். "அப்ப சரி" என்றாள். அவள் மனதில் அந்தக் கடை எழும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கட்டிங் மேசை எங்கே, மெஷின் எங்கே, துணி மடித்து வைத்த அலமாரி எங்கே என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். எந்தத் தொடரும் அந்தக் கடையை அவள் அளவுக்குச் சரியாகக் கட்டியிருக்காது.

கண்ணுக்கு வேலை இருக்கிற வரைக்கும் காது கதையைத் தேடும். கொரியாவிலிருந்து வரும் கதையும் அங்கே வரட்டும். முகம் காட்டாத அந்த எழுத்தாளரின் பெண் எங்கள் பெண்களுக்குச் சொந்தக்காரிதான். பக்கத்துக் கரிசலில் பிறந்தவனின் தமிழும் அந்த அறைக்கு வரவேண்டும் என்பது மட்டும் என் ஆசை. ஊருக்கு ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில், பேண்டேஜ் துணி மடிக்கும் கூடங்களில், பீடி சுற்றும் திண்ணைகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மாவோ பாட்டியோ கிழித்துச் சேர்த்த பைண்டு ஒன்று இருக்கக்கூடும். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசு தட்டி, வேலையில் இருக்கும் யாராவது ஒருவருக்குச் சத்தமாக ஒரு பக்கம் வாசியுங்கள். 2032 டிசம்பரில் நா. பார்த்தசாரதிக்கு நூறு வயது. அதற்குள் நதிக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலாவது அவர் குரல் கேட்க வேண்டும்.